எரியாத மருந்து

திங்கட்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்ன செய்தி இது. உங்கள் அப்பாவின் காலிலிருந்து எடுத்த சீழில் வளர்ந்த கிருமியும், நாம் விற்கும் எலுமிச்சைப்புல் தோல் மருந்துப் புட்டியில் வளர்ந்த கிருமியும் ஒன்றே. இரண்டு கண்ணாடித் தட்டுகளையும் மேசையில் ஒன்றாக வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே பச்சை.

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. எந்தச் செய்தியைச் சொன்னாலும் "யார் சொன்னது, நேர்ல பாத்தியா, கேள்விப்பட்டதா?" என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள். அதனால் யார் சொன்னது, நான் எதைப் பார்த்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். புல் காய்ச்சும் உங்கள் கொட்டகையில் போன் எடுக்காது. அடிவாரக் கடைக்கு இரண்டு தடவை பேசினேன். கடைக்காரர் "சொல்லிடறேம்மா, சொல்லிடறேம்மா" என்றார். சொன்ன மாதிரி தெரியவில்லை. காலி கேன்களை ஏற்றிக்கொண்டு நாளை லாரியில் மேலே வரும் எக்ஸ்பிரஸ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா ஆஸ்பத்திரியில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியாது. போன வாரம் குளிரடிக்கிறது என்று போர்த்திப் படுத்தார். கம்பளியை விலக்கிப் பார்த்தால் வலது கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் வந்த கொப்புளத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார். சர்க்கரை உள்ள உடம்பு, வலி தெரியவில்லை. காலையும் மாலையும் நம் தோல் மருந்தை ஊற்றி அவரே கட்டுப் போட்டிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பையன் மருந்து கைல இருக்கு. டாக்டர் எதுக்கு, வரிசைல நிக்கவா?" என்றார்.

கட்டைப் பிரித்தபோது துணியில் பச்சையாக இருந்தது. மாமாவுக்கு அதில் பெருமை. வார்டு நர்ஸிடம், "புல்லோட பச்சை சிஸ்டர் அது. உள்ள போய் வேலை செஞ்சிட்டு வெளிய வருது" என்றிருக்கிறார். நர்ஸ் என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. அந்தக் கிருமி போடுகிற நிறமே பச்சையாம். தண்ணீரும் ஈரமும் இருக்கிற இடத்தில் வாழுமாம். எலுமிச்சைப்புல்லை விற்கிற வீட்டில் கட்டு பச்சையானால் யாருக்குச் சந்தேகம் வரும்?

டாக்டரம்மா நம்மைத் திட்டவில்லை. அதையும் எழுத வேண்டும். தரை துடைக்க விற்கிற நம் தரை மருந்துப் புட்டி ஒன்றையும் நான் கொண்டுபோயிருந்தேன். அதில் எதுவும் வளரவில்லை. "எண்ணெய் நல்ல எண்ணெய்தாம்மா. ஸ்பிரிட்ல சரியான அளவு கலந்து, துடைச்ச இடம் கொஞ்ச நேரம் ஈரமா இருந்தா, கிருமியைக் கொல்லத்தான் செய்யும். தோல் மருந்துல என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். எரியுது, எரியுது என்று வாங்குகிறவர்கள் புலம்பியதும், நீங்கள் ஸ்பிரிட்டை எடுத்துவிட்டு, எண்ணெயோடு சேர்ந்து வடிகிற புல் தண்ணீரை அதற்குப் பதிலாக ஊற்றியதும், அதன் பிறகு எல்லோரும் அதை எரியாத மருந்து என்று பெயர் சொல்லி வாங்கியதும். அந்தத் தண்ணீரில் எண்ணெய் பேருக்குத்தான் இருக்கும் என்றார் அவர். "மூக்குக்குப் போதும். கிருமிக்குப் போதாது."

டிரம்மைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வாசனை மாறுகிறது என்று குறை வந்தபோது, கால் டிரம் பழையதை விட்டுவைத்து அதன் மேல் புதியதை ஊற்றலாம் என்று நீங்கள் வழி கண்டுபிடித்தீர்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி என்று சிரித்தீர்கள். வாசனையும் அதன் பிறகு மாறவே இல்லை. டிரம்மை நாம் ஒரு நாளும் காலி செய்து கழுவியதில்லை. இதைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கிருமிக்கும் அதுதாம்மா உறை" என்றார்.

இதைப் பழி சொல்வதற்காக எழுதவில்லை. எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் நீங்கள் அங்கே நிறுத்துவீர்கள். தோல் மருந்துக்கான புல் தண்ணீரை இனி அனுப்பாதீர்கள். கேன்களை அதில் அலசவும் வேண்டாம்.

இங்கே மருந்து கலக்கும் நம் கொட்டகையைப் பூட்டிவிட்டேன். சுகாதார அலுவலகத்தில் நானே போய்ச் சொன்னேன். அவர்கள் டிரம்முக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். விற்ற புட்டிகளை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்குகிறேன். பாதி வீட்டில் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். தையல்கார அக்கா கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "விலை ஏத்தத்தானே வாங்கிட்டுப் போற? என் மாமியார வேணும்னா கூட்டிட்டுப் போ, புட்டியக் கேக்காத" என்றாள். உள்ளே இருந்து மாமியார், "நான் போறதுக்கு ரெடி, இவ சமையல்ல இருந்து தப்பிச்சா சரி" என்று குரல் கொடுத்தார். அங்கேயே சிரித்துவிட்டேன். அப்புறம் படியில் உட்கார்ந்து அழுதேன். அக்கா புட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

முடிதிருத்துகிறவர் கடைக்கும் போனேன். எதிர் மாடியில் கைக்குழந்தைக்குத் தொப்புளில் தடவிக்கொண்டிருந்த பெண்ணிடமும் போனேன். குழந்தையை நானே பார்த்தேன், நன்றாக இருக்கிறது. டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

மாமாவிடம் காரணத்தை இன்னும் சொல்லவில்லை. அவர் தினமும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஒரு புட்டி எடுத்துட்டு வாம்மா, இவங்க மருந்து எரியுது."

புதன்கிழமை திரும்பும் லாரியிலேயே கிளம்பி வாருங்கள்.

உங்கள் வருகையை எதிர்பார்க்கும்
உங்கள் மனைவி


வியாழக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று மாலை லாரி வந்தது. நீங்கள் வரவில்லை. உங்கள் கடிதம் வந்தது.

கடிதத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் இன்றைய நிலையைச் சொல்கிறேன். அறுவை டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்று பத்து மணிக்கு என்னிடம் சொன்னது: கிருமி குதிகால் எலும்புக்குள் போய்விட்டது. கொடுத்த இரண்டு மருந்துக்கும் அடங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும். தள்ளிப் போட்டால் முழங்காலுக்கு மேலே. அதையும் தள்ளிப் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர் மாமாவின் படத்தை உறைக்குள் வைத்தார்.

இப்போது உங்கள் கடிதம். "ஆஸ்பத்திரியில் இல்லாத கிருமியா? அங்கே பிடித்திருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். சீழ் எடுத்தது ஆஸ்பத்திரி வாசலில் உள்ள அவசரப் பிரிவில், வார்டுக் கட்டிலில் படுக்கவைப்பதற்கு முன்னால். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதோடு, நம் அலமாரியில் மூடி திறக்காத ஒரு புட்டியையும் பரிசோதனைக் கூடத்து ஆட்களே வந்து எடுத்துப் போனார்கள். அதிலும் வளர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் காற்றே படாத புட்டி அது.

"அறுத்த புல் காத்திருக்காது, காய்ச்சி முடித்துவிட்டு வருகிறேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். புல் வாடிப்போகும் என்பது எனக்கும் தெரியும். நானும் உங்களோடு அறுத்தவள்தான்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய புது மருந்துதான் இங்கே பெரிய வினையாகிவிட்டது. எக்ஸ்பிரஸ் அண்ணன் நல்ல மனதோடு அதை என்னிடம் தராமல் நேராக வார்டுக்குக் கொண்டுபோய் மாமா கையில் கொடுத்திருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லாரியை நாற்பதுக்கு மேல் ஓட்டாத அவருக்கு அந்தப் பெயர் வைத்ததே மாமாதான். புட்டியைப் பார்த்ததும், "வாடா எக்ஸ்பிரஸ், வாழ்க்கைல முதல் தடவையா நேரத்துக்கு வந்திருக்க" என்று கட்டிப் பிடித்தாராம். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். மருந்து என்றுதான் அவருக்குத் தெரியும், பாவம்.

இன்று காலை கட்டு மாற்ற வந்த நர்ஸுக்கு எலுமிச்சைப்புல் வாசனை அடித்திருக்கிறது. கட்டு நனைந்திருந்தது. தலையணைக்கு அடியில் புட்டி, பாதி காலி. நர்ஸ் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மீதிப் புட்டியைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுத மாட்டேன்.

காலை எடுக்க வேண்டும் என்று அறுவை டாக்டர் மாமாவிடம் நேராகவே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். மாமா நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே எனக்கு அரை டிக்கெட்டா டாக்டர்?" என்றார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் அல்லவா. டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமா சொல்லிவிட்டார்: "கையெழுத்து போட மாட்டேன். பையன் புது மருந்து அனுப்பியிருக்கான். பத்து நாள் அதை ஊத்திப் பாருங்க. கேக்கலன்னா அப்ப பேசலாம்."

இனி மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை என்று, மாமாவிடம் காரணத்தை நானே சொன்னேன். கதவருகே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டாக்டரம்மா எனக்குச் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். டிரம், புல் தண்ணீர், கண்ணாடித் தட்டு, எல்லாம். முடித்ததும் மாமா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அவன் மலைமேல போய் உக்காந்துட்டான்னு உனக்குக் கோவம். இருக்கத்தான் செய்யும். அதுக்காக மருந்து மேல பழியப் போடாதம்மா" என்றார்.

டாக்டரம்மாவும் வந்து சொல்லிப் பார்த்தார். அவரிடம் மாமா, "நீங்க விக்கிற மருந்து எரியுது, என் பையன் மருந்து எரியல. உங்களுக்கு ஆகுமா அது?" என்றார். டாக்டரம்மா எதையும் விற்கவில்லை என்று நான் சொன்னதற்கு, "நீ சும்மா இரு" என்றார்.

கடைசியாக அறுவை டாக்டர், யார் சொன்னால் நம்புவீர்கள் பெரியவரே என்று கேட்டார். மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் பையன் வந்து, அப்பா எடுத்துடலாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கால் என்ன, தலையவே குடுக்கறேன்."

நான்கு பேர் கேட்க அப்படிச் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன், புல் போனால் போகட்டும்.

இந்த ஊரில் அந்த மருந்தை முதலில் நம்பியவர் அவர். பஸ்ஸில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போவார். கையைக் கீறிக்கொண்டவர்களைத் தேடிப் பிடித்துத் தடவிவிடுவார். அவரிடம் போய் இதைச் சொல்வது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் கடிதத்தில் வரிகள் கோணிக்கொண்டு இறங்கியிருந்ததைப் பார்த்தேன். எப்போதும் நேர்கோட்டில் எழுதுகிறவர் நீங்கள்.

தையல்கார அக்கா சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். எனக்காகக் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் மனைவி


சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

எக்ஸ்பிரஸ் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் லாரியை அணைக்காமல் நிற்கிறார். படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடையில் லாரி மேலே போகாததால் வியாழக்கிழமை எழுதியதையும் இதோடு சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன்.

இன்று விடிந்ததும் வார்டு டாக்டர் சொன்னது: கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது, தாளை நான் பார்த்தேன். நீங்கள் கடைசியாக அனுப்பிய புட்டியிலும் அதே கிருமிதான். இங்கிருந்து வந்த கேன்கள் வழியாக அங்கேயும் ஏறியிருக்கும் என்று டாக்டரம்மா நேரில் சொன்னார். இனி அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

மாமாவுக்குக் காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறும்போது பஸ்ஸில் இருக்கிறார். "உள்ள போங்க, உள்ள போங்க, படிக்கட்டுல நிக்காதீங்க" என்று வார்டு முழுக்கக் கேட்கிறது. நேற்று நர்ஸிடம் சில்லறை இல்லை என்று சண்டை போட்டார். அவளும் "அடுத்த ஸ்டாப்புல தர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இறங்கும்போது தெளிவாக இருக்கிறார். தெளிவாக இருக்கும்போதெல்லாம் கையெழுத்து போட மாட்டேன் என்கிறார். லாரி வந்துவிட்டதா என்று கேட்கிறார்.

அறுவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். நினைவோடு இருக்கிற மனிதர் வேண்டாம் என்றால் தொட முடியாதாம். நினைவு முழுதும் தப்பிவிட்டால், வீட்டார் என்ற முறையில் நான் கையெழுத்து போடலாமாம். ஆனால் அந்த நிலைக்குப் போய்விட்டால் முழங்காலுக்கு மேலேதான் எடுக்க வேண்டியிருக்கும், அப்போதும் பிழைப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

நேற்று முழுவதும் அவர் கட்டில் பக்கத்தில் இருந்தேன். அவர் தெளிவாகப் பேசும்போது பயமாக இருக்கிறது. குழறினால், இதோ நினைவு தப்பப்போகிறது, கையெழுத்து போட்டுவிடலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. பெற்ற அப்பா போல என்னைப் பார்த்துக்கொண்டவர். அவர் நினைவு தப்பட்டும் என்று காத்திருக்கும் இடத்தில் என்னை விட்டுவைக்காதீர்கள். உங்களிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

நீங்கள் ஏன் வரவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் சுற்றி வளைத்தார். நான் விடவில்லை. புதன்கிழமை கிளம்பும்போது நீங்கள் லாரியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, பிறகு இறங்கிவிட்டதாகச் சொன்னார். "தம்பி ஏறிச்சும்மா. ஏறியும் கதவுப் பிடிய விடவே இல்ல. இதோ வரேன்னு இறங்கிப் போனது, அப்புறம் புட்டியோட வந்து குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடுச்சு" என்றார். இது அவர் சொன்னது, நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அதனால் இந்த முறை அண்ணனிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஏறிய பிறகு அடிவாரம்வரை வண்டியை எதற்கும் நிறுத்த வேண்டாம் என்று. நாற்பதைத் தாண்டுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

மாமாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வர வேண்டாம். டிரம்மைப் பற்றி, தண்ணீரைப் பற்றி எல்லாம் நான் சொல்லியாகிவிட்டது, அவர் கேட்டும்விட்டார். உங்களிடம் அவர் கேட்பது ஒரு வார்த்தைதான். அதைச் சொன்ன பிறகு அவர் உங்களைத் திட்டலாம், அடிக்கக் கை ஓங்கலாம், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் அவர் உயிரோடு இருந்து செய்யட்டும்.

நிலவரம் இதுதான். மூன்றாவது மருந்துக்கு இந்தக் கிருமி அடங்குமா என்ற முடிவு திங்கள் காலை பத்து மணிக்கு வரும். டாக்டரம்மா தானே வார்டுக்கு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். முடிவு எதுவானாலும் காலை எடுத்தே ஆக வேண்டும். அறுவை அறையைத் திங்கள் மதியத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் இல்லை. லாரி நாளை மாலை இங்கே திரும்பும்.

நான் வாசலிலேயே நிற்பேன். வார்டுக்குள் நீங்கள் தனியாகப் போக வேண்டியதில்லை, சொல்லும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வாருங்கள்.

உங்கள் மனைவி